சிரிக்க மறுத்த மாமனார்

என் மாமனாரைச் சிரிக்க வைத்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். அவர் காலமாகி மூன்று வருடமாகிவிட்டதை நான் பெரிய தடையாக நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே படம் கறுப்பு வெள்ளையில், உள்ளங்கை அளவு. அதைப் பெரிதாக்கி ஹாலில் என் நாற்காலிக்கு நேரெதிரே மாட்ட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. உயிரோடு இருந்தபோதே அவர் பார்த்தால் எனக்குக் கை கால் உதறும். போதாததற்கு, கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிகரெட்டை விட்டுட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "விட்டுட்டேன் மாமா" என்றேன். விடவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் மொட்டை மாடியில் ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கண்ணுக்கு எதிரே நிம்மதியாக உட்கார முடியுமா?

படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கன்னத்தில் ஓடிய கீறலை அழித்தேன். பிரிண்ட் போட்டால் இன்னும் கறுக்கும், அதனால் நிழலைக் கொஞ்சம் வெளுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஸ்டூடியோக்காரர். வெளுக்க வெளுக்க, முகம் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருவது போல வந்தது. முதலில் கண்கள். அவசரமாக இமையைத் தாழ்த்தி, உதட்டோரத்தை ஓர் இழை தூக்கிவிட்டேன். பரம சாதுவாகிவிட்டார். சேவ் செய்துவிட்டு மாடிக்குப் போனேன்.

பத்து நிமிடத்தில் திரும்பினேன். மாமா சிரிக்கவில்லை. கண் முழுசாகத் திறந்திருந்தது.

சேவ் செய்ய மறந்திருப்பேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுபடியும் சிரிக்க வைத்தேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். படபடப்பு அடங்க மாடியில் இன்னொன்று பற்றவைத்தேன். வந்து பார்த்தால் இடது புருவம் ஏறியிருந்தது. கருவிழி நகர்ந்து மாடிப்படியைப் பார்த்தது. வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"இங்க யாராவது வந்தாங்களா?" என்று கத்தினேன்.

"யார் வரப் போறா?" சமையலறையிலிருந்து மனைவி. "ஏன் குரல் நடுங்குது?"

"உங்கப்பா... மாடிப்படியைப் பார்க்கிறாரு."

"அவர் எப்பவுமே எல்லாத்தையும் பார்ப்பாரு."

அந்த முகத்தின் முன்னால் என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கையைக் கூப்பிவிட்டேன்.

"மாமா, பொய் சொல்லிட்டேன். விடலை. ஒரு நாளைக்கு நாலு. இன்னைக்கு இதுவரைக்கும் ரெண்டு. உங்க பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

"சொல்ல மாட்டாரு" என்றது பின்னால் ஒரு குரல். கையில் கரண்டியோடு மனைவி.

"நீயா?"

"மூணு தொட்டிக்குத் தண்ணி ஊத்த யாருக்காவது பத்து நிமிஷமாகுமா? நீங்க வேலை பண்றதை எட்டிப் பார்த்தே நானும் கத்துக்கிட்டேன். கண்ணைத் திறந்தேன், சிரிப்பை எடுத்தேன், பார்வையைப் படிப்பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான்."

"புருவத்தை ஏத்தினது?"

அவள் திரையருகே குனிந்தாள். அவள் முகம் மாறியது.

"எந்தப் புருவம்?"

அவள் நடித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும், அது நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் வேண்டாம் என்று சிகரெட்டை விட்டுவிட்டேன்.