லேப்டாப்புக்கு வைரஸ், எனக்கு எண்ணெய்க் குளியல்

இனிமேல் என் லேப்டாப்பை என்னைத் தவிர ஒரு ஈ கூடத் தொடக்கூடாது என்று ஆடி மாதம் முதல் தேதி சபதம் எடுத்தேன். அன்று மதியம் மூன்று மணி வரை அந்தச் சபதம் உயிரோடு இருந்தது.

நான் சங்கிலிமுத்து. லேபிள் டிசைன் பண்ணுகிறவன். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் ராஜபாண்டியன் அண்ணாச்சி, முதன்முதலாகப் பூச்சட்டிப் பெட்டிக்கு, அதாவது புஸ்வாணப் பெட்டிக்கு, லேபிள் கேட்டிருந்தார். ஐந்து மணிக்குள் மெயிலில் போகவேண்டும். பிடித்துவிட்டால் சீசன் முழுக்க வேலை. இல்லாவிட்டால் பழையபடி கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் ஒட்ட வேண்டியதுதான்.

லேபிள் தயார்: எரியும் பூச்சட்டியைக் கையில் பிடித்துச் சிரிக்கும் ஒரு பிள்ளை. லேப்டாப்தான் தயாரில்லை. ஒரு பைலைத் திறந்தால் அது கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, முகம் கழுவி வருவதற்குள் நான் டீ குடித்து டம்ளரையும் கழுவிவிடுவேன்.

காரணம் எனக்குத் தெரியும். ஒருநாள் திரையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 412 வைரஸ்’ என்று சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது. ஆண்டிவைரஸ் இலவசமாயிற்றே என்று அது சொன்னதையெல்லாம் அமுக்கினேன். அதை நம்பாமல் இன்னொரு ஆண்டிவைரஸ் போட்டேன். இரண்டையும் நம்பாமல் மூன்றாவது.

இது என் மனைவி வள்ளித்தாய்க்குத் தெரிந்தால் மானம் போய்விடும். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி ஸ்டாக்கைப் பதிவதற்காக மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். அந்த மூன்று மாதமும் நான் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைக்கு அவளுக்கு லீவு. வாசல்படியில் வந்து நின்றாள்.

“என்னங்க, மூஞ்சி நமுத்துப்போன சரவெடி மாதிரி இருக்கு?”

“கிட்ட வராத புள்ள! இதுல வைரஸ். தொட்டா ஆளுக்கும் ஒட்டிக்கிடும்!”

“ஆத்தாடி! ஆளுக்குமா?”

“ஆமா. போன வருசம் சிக்குன்குனியா வந்துச்சுல்ல? அதுக்குச் சித்தப்பன்.”

“அப்ப நீங்க காலையிலருந்து தொட்டுக்கிட்டே இருக்கீகளே!”

லேப்டாப்பிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தேன்.

“எங்க கம்பெனில வெடிமருந்து ரூம்லருந்து வந்தா குளிக்காம எதையும் தொடக்கூடாதுல்ல? அதே சட்டந்தான். எண்ணெய் தேச்சு ஒரு மணி நேரம் ஊறுங்க.”

“அஞ்சு மணிக்கு லேபிள் போகணும்!”

“உசிரு முக்கியமா, லேபிளு முக்கியமா?”

லேபிள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உச்சந்தலையில் நல்லெண்ணெய் இறங்கிவிட்டது.

எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். ஒரு சொம்பு கூட ஊற்றினால் ஊரைக் கூட்டுகிறவள், “தண்ணியப் பாக்காதீக, ரெண்டு குடம் கூட ஊத்திக்கிடுங்க” என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கண்ணில் சீயக்காய்.

துண்டோடு ஓடி வந்தேன். மணி நாலரை. லேப்டாப் முன்னால் வள்ளித்தாய். நெட் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

“ஏ வள்ளி! ஒட்டிக்கிடும்னேன்ல?”

“ஒட்டட்டும். எங்க கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆளு நின்னா வெளிய அனுப்பிருவேன். இங்கன காவலுக்கே மூணு பேரு! ஒருத்தன ஒருத்தன் சோதிச்சுக்கிட்டு நின்னா எவன் வேலை பாப்பான்?”

“தானா வந்திருக்கும்...”

“போட்ட தேதியெல்லாம் இருக்குங்க. அதுல ஒருத்தன் காவக்காரனே இல்ல, திருடன். நானூத்திப் பன்னெண்டுன்னு பயங்காட்டுனவன். அவனையும் இன்னொருத்தனையும் தூக்கிட்டேன். மிச்சமிருந்தவன விட்டு மூலைமுடுக்கெல்லாம் தேடிட்டேன். இப்பச் சுத்தம்.”

பைலைத் தொட்டேன். தொட்டதும் திறந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“அப்புறம், பூச்சட்டியக் கையில பிடிச்சுக்கிட்டா பிள்ள சிரிக்கும்? தரையில இறக்கி, பிள்ளையத் தள்ளி நிக்க வச்சிட்டேன்” என்று வயரை மாட்டினாள். நாலு ஐம்பதுக்கு அவள் கையாலேயே லேபிள் மெயிலில் போய்விட்டது.

ஐந்தரைக்கு அண்ணாச்சி போன் செய்தார்.

“லேபிள் பிரமாதம்லே! பூச்சட்டியத் தரையில வச்ச பாரு, அதான் தொழில் தெரிஞ்ச கை. சீசன் முழுக்க உனக்குத்தான் வேலை.”

வள்ளித்தாய் அடுப்படியில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“எல்லாம் அனுபவந்தான் அண்ணாச்சி.”

“யாரு அனுபவம்னு தெரியும்லே, மெயில்லயே உன் வீட்டம்மா எழுதியிருக்கு. இனிமே நீ வரையிறத அவுக பாத்துச் சரின்னாத்தான் மெஷின்ல ஏத்துவேன்.”