தரிசு நிலத்தில் சூரியகாந்தி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் சுகம். டிராக்டருக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல். அத்தானின் முழங்கால் இப்போது மாடி ஏறுகிறது என்று நம்புகிறேன். முதலில் நல்ல சேதி: மானியப் பணத்தை நாம் திருப்பிக் கட்ட வேண்டாம். அதில் நீ போட்ட கூரையைப் பிரிக்கவும் வேண்டாம். இனி நிதானமாக மீதியைப் படி.

நம் இருவர் பெயரிலும் இருக்கிற நிலத்தை ஒரு வருஷம் தரிசாகப் போட்டால் அரசாங்கம் பணம் தரும், விதைக்கக் கூடாது, உழவும் கூடாது, மீறினால் இரண்டு பேர் பங்கும் அபராதத்தோடு திரும்பப் போய்விடும் என்று கையெழுத்துப் போட்டோம் இல்லையா? ஆயுசிலேயே முதல் தடவையாகச் சும்மா இருப்பதற்குச் சம்பளம் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மழைதான் பெய்தது. நிலம் முழுக்கச் சூரியகாந்தி முளைத்துவிட்டது. நான் விதைக்கவே இல்லை அக்கா, உன் மேல் ஆணை. போன வருஷத்து விதை உதிர்ந்து கிடந்திருக்கும் என்று நினைத்து, உழக் கூடாதே என்பதால் கையாலேயே பிடுங்க ஆரம்பித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் படுத்துக் கிடந்த நேரத்தில் அது ஆள் உயரம் வளர்ந்து பூத்தே விட்டது. வேற பயிரா இருந்தாலாவது கண்ணுல படாம இருக்கும்; இது ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் பார்க்கிற மாதிரி தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது. எனக்குத் தூக்கம் போச்சு. என் வீட்டுக்காரி மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி சாப்பிட்டா, தூங்கினா.

நேற்று அதிகாரி வந்துவிட்டார். கறாரான ஆள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. தானா முளைச்சதுன்னு சொன்னேன். சொல்றப்பவே எனக்கே நம்பிக்கை வரலை. அவர் நேரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன தக்காளித் தோட்டக்காரர்கிட்ட போய், இது இவர் விதைச்சதான்னு கேட்டார். அந்த ஆளுக்கும் எனக்கும் இருக்கிற வரப்புத் தகராறு உனக்குத் தெரியும். தொலைஞ்சோம்னு நினைச்சேன்.

தோட்டக்காரர் நிலத்தை ஒரு பார்வை பார்த்தார். "சார், நானும் பல வருஷமா பார்க்கிறேன். இவர் விதைச்சா இவ்வளவு நல்லா வராது."

அதிகாரி உள்ளே இறங்கிப் பார்த்தார். வரிசையும் இல்லை, இடைவெளியும் இல்லை, எல்லாம் கோணல்மாணல். தானாக முளைத்தது, மானியம் செல்லும்னு எழுதிட்டுப் போயிட்டார். அவமானமா இருந்துச்சுதான். ஆனா தோட்டக்காரரைக் கட்டிப்பிடிச்சு அழாத குறை. எத்தனையோ நாளைக்கு அப்புறம் நேத்துதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. புதுக் கூரையின் கீழ் எல்லோரும் நனையாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மானம் போனாலும் மானியம் தப்பிய
உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்ட வீட்டுக்காரிகிட்ட பசை கேட்டேன். கடிதத்தை வாங்கிப் படிச்சவ, சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்றா: "நிலம் வெறிச்சுன்னு கிடந்தா எனக்குச் சோறு இறங்கலை. நான்தான் விதைச்சேன்." வரிசையா போட்டா மாட்டிப்பே, கண்டபடி இறைச்சு விடுன்னு போன்ல சொன்னதும், விதையை வாங்கி பஸ்ஸுல கொடுத்தனுப்பினதும் நீயாம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லைன்னு இத்தனை வருஷமா ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறேன். படிச்சதும் இதைக் கிழிச்சுப் போடு. அறுவடைக்கு எப்போ வர்றே?