பன்னிரண்டாவது சிக்கல்

"தப்புன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் அதைச் சரி பண்ணாம, ஏம்ப்பா நம்பர் போட்டு எழுதி வைக்கிறீங்க?" என்று என் மகள் ஒரு முறை கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. நிர்வாகம் புரியாத வயது.

சிக்கலைத் தீர்ப்பது யாராலும் முடியும். அதற்கு எண் கொடுப்பதுதான் மனித நாகரிகத்தின் உச்சம். எண் பெற்ற சிக்கல் பிறகு சிக்கலே அல்ல. அது 'அறியப்பட்ட சிக்கல்'. கூரை ஒழுகினால் வீட்டில் சண்டை வரும். அதையே 'அறியப்பட்ட சிக்கல் எண் நான்கு' என்று சுவரில் ஒட்டிவிட்டால், நனைந்தபடி எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

நான் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவன். அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதால் தலைமை தாங்குவதில் இடையூறு எதுவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கணினிகள் அனைத்தும் 'புதுப்பிப்பு' பெற்றன. "உங்கள் அனுபவம் மேம்படுத்தப்படுகிறது. தயவுசெய்து அணைக்காதீர்கள்" என்ற வாசகம் மூன்று மணி நேரம் திரையில் நின்றது. வரிசையில் நின்ற நோயாளிகள் அதைச் சந்நிதிக் கதவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. முதல் அழைப்பு தரைத்தளத்து ஆய்வகத்திலிருந்து வந்தது. பேசியவர் அங்கே ரத்தம் எடுப்பவர். ஊசி குத்துமுன் "ஒரு சொட்டுதான்" என்று எல்லோரிடமும் பொய் சொல்வதால் அவருக்குச் 'சொட்டு' என்றே பெயர்.

"சார், ரிப்போர்ட்டுக்குப் பிரிண்ட் கொடுத்தா இங்கே ஒண்ணுமே வரல."

"வந்திருக்கும். நல்லா பாருங்க."

"வந்திருக்கு சார். நாலாவது மாடியில, கணக்குப் பிரிவு பிரிண்டர்ல. 'எங்க சம்பளப் பட்டியல்ல யாருக்கோ சர்க்கரை முந்நூறு இருக்கு'ன்னு அங்கேருந்து போன் பண்றாங்க."

"அப்போ பிரிண்டர் வேலை செய்யுது. நல்ல செய்திதானே?"

"டாக்டர் கீழே உட்கார்ந்திருக்காரு சார்!"

நான் உடனே மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். உடனே பதிலும் வந்தது: "இந்தச் சிக்கலை நாங்கள் நன்கு அறிவோம். தங்கள் பொறுமைக்கு நன்றி." எவ்வளவு பண்பு! நம்மை அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே பாதி ஆறுதல். மீதிப் பாதியை அவர்கள் இன்றுவரை அனுப்பவில்லை.

அந்த நேரத்தில் இரண்டாவது மாடி நடைபாதையைத் துடைக்கும் அக்கா, வாளியில் தண்ணீர் பிடிக்கக் கீழே வந்திருந்தார்.

"அக்கா, மேலே போறீங்களா?" என்று சொட்டு கேட்டார்.

"போகல. போகணுமா?"

இந்த இரண்டு சொற்களில்தான் எங்கள் மருத்துவமனை பதினொரு வாரம் ஓடியது.

ஒரே மாதத்தில் பதினொரு சிக்கல்கள் சேர்ந்தன. டோக்கன் திரை எண்களைக் காட்டாமல் 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்று மட்டுமே காட்டியது. காலை ஒன்பது மணிக்கு வந்தவர்களை அது மாலை வரை வரவேற்றுக்கொண்டே இருந்தது. மூன்றாவது மாடியில் பூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வர் பெட்டி நாளுக்கு ஆறு முறை மயங்கி விழுந்தது. மருந்துக் கிடங்கின் கணினி எல்லா மாத்திரைகளும் காலாவதியாகிவிட்டன என்று அடம்பிடித்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. 'அறியப்பட்ட சிக்கல்களும் தீர்வுகளும்' என்ற ஆவணத்தைப் புதிய மென்பொருளுக்குள்ளேயே தயாரித்தேன். அச்சுச் சிக்கலுக்குத் தீர்வு, 'கைவழிப் பரிமாற்றம்'. அக்கா நான்கு மாடி ஏறி அறிக்கைகளை எடுத்து வருவார் என்று பொருள். லிஃப்ட் நோயாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே. டோக்கன் சிக்கலுக்கு 'குரல்வழி அறிவிப்பு'. அக்கா வாசலில் நின்று எண்களைக் கூவுவார். மயங்கும் பெட்டிக்கு 'நேரடி மறுதொடக்கம்'. அறையைக் கூட்டுவதற்கான சாவி அக்காவிடம்தான் இருந்தது. மாத்திரைகளுக்கு 'காட்சிவழிச் சரிபார்ப்பு'. அதற்கும் அக்காவின் கண்கள்தான். பதினொரு சிக்கல், பதினொரு தீர்வு, இரண்டு கால். ஆவணத்தில் கால்களைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. கௌரவமான ஆவணங்களில் அது வழக்கமில்லை.

தலைமை அலுவலகம் அசந்துபோய் எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியது. 'மனிதத் தலையீடு இன்றி' சேவையைத் தொடர்ந்ததற்காகப் பாராட்டு. மாதாந்திரக் கூட்டத்தில் நிர்வாக அதிகாரி அதை வாசித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் அடுத்த பொருளுக்குப் போனார். துப்புரவுப் பணியாளர்களுக்குப் புதுப்பிப்பின் பரிசாகக் கழுத்தில் ஓர் அட்டை தரப்பட்டிருந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கால் மணிக்கு ஒரு தரம் அது சொல்லும்.

"ரெண்டாவது மாடியில போட்ட அம்மாவைப் பாருங்க," என்றார் அதிகாரி. "ஒரு நாள்ல முப்பத்திரண்டு தடவை பார்த்திருக்கு. ரெண்டே தடவைதான் ரெண்டாவது மாடியில இருந்திருக்காங்க. மிச்ச நேரம் ஊர்சுத்தல். மாசக் கடைசியோட நிறுத்திடலாமா?"

"நிறுத்திடலாம் சார்," என்றது கூட்டம்.

சொட்டு என்னைப் பார்த்தார். நான் சான்றிதழைப் பார்த்தேன். அதற்கு மரச்சட்டம் போட்டிருந்தார்கள், கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

மறுநாள் படிக்கட்டில் அக்கா என்னை மறித்தார். கையில் அறிக்கைக் கட்டு.

"சார், என்னை நிறுத்தப் போறாங்களாமே. நான் எடத்துல இல்லையாம். எங்கே இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"இங்கே வேலை பார்க்குறதாலதான் எங்க வீட்டுக்காரருக்குப் புதனும் சனியும் ரத்தம் சுத்தம் பண்றாங்க. வெளியில போனா எங்களால முடியாது சார். பெரியவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பார்க்கலாம்க்கா," என்றேன்.

'பார்க்கலாம்' எவ்வளவு அருமையான சொல்! அதற்குள் பரிவு இருக்கிறது, பதவி இருக்கிறது, தப்பிக்கும் வழியும் இருக்கிறது. அக்கா அதை நம்பினார். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். அந்தக் கட்டுக்குள் இருந்த யாரோ ஒருவருடைய அறிக்கைக்கு அவசரம்.

நான் நல்லா இருக்கவில்லை. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. துணிவு இருந்திருந்தால் கூட்டத்திலேயே வாயைத் திறந்திருப்பேன். துணிவில்லாதவனுக்காகவும் ஆண்டவன் ஒரு வேளையை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறான். அதற்கு மதிய இடைவேளை என்று பெயர்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆவணத்தைத் திறந்தேன். ஒவ்வொரு தீர்வுக்கும் எதிரே 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பதினொன்றிலும் 'அமைப்பு' என்று நிரப்பியிருந்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். பதினொன்றிலும் அக்காவின் பணியாளர் எண்ணை அடித்தேன். புதுப்பிப்பில் ஒரு விதி இருந்தது: ஒரு தீர்வுக்குப் பொறுப்பானவரை, அந்தச் சிக்கல் 'தீர்ந்தது' என்று குறிக்கப்படும் வரை பணியிலிருந்து நீக்க முடியாது. அவருடைய பணியிடம் எல்லாத் தளங்களும் என்று தானாக மாறிவிடும். புதுப்பிப்பில் ஒழுங்காக வேலை செய்த ஏற்பாடு அது ஒன்றுதான்.

மாதக் கடைசியில் அதிகாரி என்னை அழைத்தார்.

"என்னய்யா இது? அந்தம்மா பேரை எடுக்கப் பார்த்தா எடுக்க மாட்டேங்குது. மூணு தடவை அழுத்திட்டேன்."

"தெரியும் சார். அறியப்பட்ட சிக்கல்."

அவர் முகத்தில் அமைதி படர்ந்தது. "அப்படியா? நம்பர் போட்டாச்சா?"

"பன்னிரண்டு சார்."

"தீர்வு?"

"கம்பெனிக்கு எழுதியிருக்கேன் சார்."

"அப்ப சரி," என்று அவர் அடுத்த கோப்பை எடுத்தார். இப்படியாக எங்கள் மருத்துவமனையில் சரியாக வேலை செய்யும் ஒரே விஷயம், சிக்கல் எண் பன்னிரண்டாகப் பதிவாகியிருக்கிறது. இந்த நிர்வாகம் அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது என்று மலைபோல் நம்புகிறேன். அக்காவின் வேலைக்கு அதைவிட உறுதியான உத்தரவாதம் உலகில் இல்லை.

"ஏதோ கம்ப்யூட்டர் கோளாறாம் சார், என் பேரு தப்பிச்சிருச்சு," என்றார் அக்கா. "சாமிதான் காப்பாத்துச்சு."

"ஆமாக்கா," என்றேன். உண்மையில் அக்கா, சாமி இருவருமே என்னைவிட நல்லவர்கள்.

இப்போதெல்லாம் புதனும் சனியும் அக்கா நான்கு மணி நேரம் கணவரின் படுக்கை அருகே உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்திலும் 'கைவழிப் பரிமாற்றம்' தடையின்றி நடக்கிறது. ஆய்வகத்து மேசையில் அறிக்கைகள் இருக்கின்றன. அமைப்பு முன்னேறிவிட்டது என்று சொட்டு நினைக்கிறார். பின்பக்கப் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. மூன்றாவது மாடி வரும்போதே எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அக்கா ஒரு நாளைக்கு இப்படி முப்பது தடவை ஏறியிருக்கிறார். சான்றிதழ் வாங்கியவன் இன்று இரண்டாவது தடவையாக ஏறிக்கொண்டிருக்கிறான்.