முப்பது நோன்பும் பிடித்த மகள்

தில்லையடி, புத்தளம்.
2014 ஓகஸ்ட், பெருநாள் கழிந்த இரண்டாம் கிழமை.

அன்புத் தங்கச்சி சுல்பாவுக்கு உன் நானா ஜவாஹிர் எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் மன்னாரில் உன்னையும் மச்சானையும் நல்ல சுகத்தோடு வந்து காணட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன், இனி உண்மையைச் சொல்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். நான் போனில் கதைத்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும் என்று உனக்குத் தெரியும்.

நம்முடைய நஸ்லா இந்த றமழானில் முப்பது நோன்பையும் பிடித்தாள். எட்டு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு நோன்பை விட்டுவிட மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இரவில் பெண்கள் கூடும் தறாவீஹ் தொழுகைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் விடாமல் போனாள். பெற்ற மனதுக்குப் பெருமை வராதா? பெருநாள் அன்று பள்ளிவாசலில் கண்டவர்களிடமெல்லாம், "என்ட மகள் கைப்பிள்ளையோட முப்பதும் பிடிச்சா, ஒண்டும் விடல்ல" என்று மார்தட்டிச் சொன்னேன். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். வீட்டுக்குப் போய் வட்டிலப்பம் சாப்பிடும்போது பெண்சாதிமாரிடமும் சொல்லியிருக்கிறார்கள். பொம்பிளைகளுக்கு மாதத்தில் தொழாத நாள், நோன்பில்லாத நாள் உண்டு என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த நேரம் தலையில் ஓடவில்லை. அசர் தொழுகைக்கு முன்னமே ஊருக்குள் கதை பரவிவிட்டது: ஜவாஹிர்ட மகளுக்கு மாதக் குளிப்பு நிண்டுட்டுதாம், வயித்துல இரிக்காம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை மகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே என் சம்மந்தி அலீமா, மருமகன் றஸீனின் உம்மா, பெட்டியோடு வந்து இறங்கினாள். ஸலாம் சொல்வதற்கு முன் கேள்விதான். "பிள்ள பொறந்த பொறகு ஒருக்காச்சும் வந்திச்சா இல்லியா?" நஸ்லா, "வரல்ல மாமி, பால் குடுக்கிறதால எண்டு நினைச்சேன்" என்றாள். அவ்வளவுதான். வயிற்றுப்பிள்ளைக்காரியின் பால் கைப்பிள்ளைக்கு நஞ்சாம், அன்றைக்கே நிறுத்தவேண்டுமாம். பிள்ளை பால் மறக்க வேப்பெண்ணெய் பூசச் சொன்னாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன், இதற்குள் ஆம்பிளைக்கு என்ன வேலை? அன்று தொடக்கம் பேரன் அஸ்ஜத் போத்தலைத் தட்டிவிட்டு அழுகிறான். தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடக்கிறேன். பிள்ளை மெலிந்துவிட்டான் சுல்பா, கையில் எடுத்தால் தெரிகிறது.

றஸீன் வெங்காய லொறியோடு தம்புள்ளையில் நிற்கிறான். போன் எடுத்துக் கேட்டால், "பால் குடுக்கிற நாளையில வயித்துல தங்காது எண்டு கூட்டாளிமார் சொன்னாங்க மாமா" என்கிறான். லொறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எப்போது டொக்டரானார்கள் என்று கேட்க வாய் வந்தது, மருமகன் என்று விட்டேன்.

சோதித்துப் பார்க்கும் குச்சி பாமசியில் கிடைக்கும் என்று தெரியும். போனேன். பாமசிக்காரர் தொழுகையில் என் பக்கத்தில் நிற்கிறவர். "என்ன வேணும் நானா?" என்றார். "பனடோல்" என்றேன். அடுத்த நாளும் போனேன், அன்றும் பனடோல். தெரியாத ஊரில் வாங்கலாம் என்று பஸ் ஏறி மதுரங்குளிக்குப் போனால், கடைக்குள் இருந்தது அகதி முகாமில் நமக்குப் பக்கத்துக் குடிலில் இருந்தவரின் மகன். கட்டிப்பிடித்து தேத்தண்ணி வாங்கித் தந்து, பனடோலையும் சும்மாவே தந்துவிட்டான். இப்போது வீட்டில் ஊருக்கே தலையிடி வந்தாலும் போதும், குச்சிதான் இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு, கிளினிக்குக்குப் போவோம் என்று நஸ்லாவைக் கூப்பிட்டேன். "தெரியாமலே இரிக்கட்டும் வாப்பா" என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊர் வாயில் அவளைப் போட்டது நான்தானே, அந்தக் கோபம் என்று நினைக்கிறேன். இருக்கட்டும். ஆனால் அஸ்ஜத்தை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள், இரண்டு வருடத்துக்கு மற்றப் பிள்ளை கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு நித்திரை இல்லை. நஸ்லா பால்குடி மறக்க முன்னம் அவள் உம்மா ஸும்ராவுக்கு மற்றது தங்கியதை நீ மறந்திருக்க மாட்டாய். நாங்களும் அன்றைக்கு, பால் கொடுக்கிறவளுக்குத் தங்காது என்றுதான் இருந்தோம். முகாமின் கிடுகுக் குடிலில் வாகனம் வருவதற்குள் அவள் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. இதைச் சாடைமாடையாக எழுத எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வா. வந்து அஸ்ஜத்தைப் பொறுப்பெடு. அன்றைக்கும் நீதான் வந்தாய், நஸ்லாவை உன் மடியில்தான் வளர்த்தாய். மிட்வைஃப் டொறத்தி மிஸ்ஸுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன், எப்போது வருவாளோ தெரியாது.

மச்சானுக்கு என் ஸலாம். உன் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், எங்களுக்கும் துஆச் செய்.

இப்படிக்கு,
உன் நானா
ஜவாஹிர்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போக டொறத்தி மிஸ் வந்துவிட்டாள். குச்சியைப் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். சோதித்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை. "பால் குடுக்கிற ஆளுக்கு மாதம் வராமல் இருக்கிறது வழமைதான். ஆனா வரல்ல எண்டதை நம்பி இருக்கவும் ஏலாது, அது வர முந்தியே தங்கலாம். ஆறு மாதம் கடந்து பிள்ளை கஞ்சி குடிக்கத் தொடங்கினா, பால் காவல் இல்லை" என்று சொல்லி, ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் பார்க்க வருவதாகச் சொன்னாள். றஸீன் வந்ததும் இருவரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னாள். வயிற்றில் இருந்தாலும் பால் நஞ்சில்லை என்று அலீமாவுக்கும் கொடுத்தாள் ஒரு ஏச்சு. அஸ்ஜத் இப்போது பால் குடிக்கிறான், வீடு அமைதியாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, நீ வரத் தேவையில்லை.

இதை நஸ்லாவிடமும் சொன்னேன், மன்னார் மாமியை வரச்சொல்லி எழுதினேன், இனி வேண்டாம் என்று. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "மாமிய எதுக்கு வரச் சொன்னீங்க வாப்பா, என்னப் பாக்கவா, பிள்ளைய வளக்கவா?" என்று கேட்டாள்.

அஸ்ஜத்தைப் பொறுப்பெடு என்று மேலே எழுதியதை வெட்டுகிறேன். நீ வா சுல்பா. அவளைப் பார்க்க வா.