விழுந்தது அவள்தான்

ஜோடியாக ஐஸ் ஸ்கேட்டிங் ஆடும் ஆண்களில் ஓர் இனம் உண்டு. ரஷ்யாவின் பெர்ம் நகரத்தில் எந்தப் பனி அரங்கத்துக்குள் நுழைந்தாலும் ஓர் உருப்படியாவது கண்ணில் படும். அடையாளம் சொல்கிறேன். பயிற்சியில் பெண் விழுந்தால், விழுந்தவளை முறைப்பான். தான் விழுந்தால், விழுந்த இடத்திலிருந்தே நிற்பவளை முறைப்பான்.

அர்செனி இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. நாலு வயதில் ஓயாத சளிக்கு மருந்தாக அவனை அம்மா ஐஸில் இறக்கிவிட்டாள். சளி போகவில்லை, ஸ்கேட்டிங் வந்தது. பதினாலு வயதில் ஒரே கோடையில் ஒரு முழம் வளர்ந்து, தாவல்கள் எல்லாம் மறந்துபோய், இனி இவன் தனியாகத் தேறமாட்டான் என்று பயிற்சியாளர்கள் கூடிப் பேசி, பெண்களைத் தூக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இப்போது வயது இருபத்தேழு. இதுவரை ஆறு ஜோடிகள். முதல் பெண் நானூறு கிராம் கூடிவிட்டாள். எந்த ஞாயிற்றுக்கிழமை தின்ற எத்தனை பெல்மெனிக் கொழுக்கட்டைகளால் என்றுகூட அவனுக்குத் தெரியும். இரண்டாமவள் எதற்கெடுத்தாலும் அழுதாள். மூன்றாமவள் அழவே இல்லை, கல்நெஞ்சக்காரி. நான்காமவளைத் தூக்கி வீசினால் அவன் நினைத்த இடத்தில் இறங்காமல் வேறெங்கோ போய் இறங்கினாள். ஐந்தாமவள் நன்றாக ஆடினாள், பார்வையாளர்கள் அவளையே பார்த்தார்கள். இது எந்த ஊர் நியாயம்? ஆறாமவள் சொல்லிக்கொள்ளாமலே ஓடிவிட்டாள்.

"தமாரா இகரெவ்னா, எனக்கு வேற ஜோடி பாருங்க" என்றான் பயிற்சியாளரிடம்.

"அர்செனி, இந்த ஊர்ல உன் தலைக்கு மேல தூக்கக்கூடிய சைஸ்ல இருந்த பொண்ணுங்க அத்தனை பேரையும் தூக்கியாச்சு. மிச்சம் இருக்கறது நான்தான்."

தமாரா இகரெவ்னாவின் எடை தொண்ணூறு கிலோ. அவன் ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பாக்காத! செப்டம்பருக்குள்ள ஒருத்தி கெடைக்கலைன்னா உன் கத முடிஞ்சுது. புத்தாண்டு ஐஸ் ஷோவுல கரடி வேஷம். தலை அளவு கேட்டு மேனேஜர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார்."

கிரோவ் நகரத்திலிருந்து ரயிலேறி வந்தாள் உல்யானா. பத்தொன்பது வயது, கையில் ஒரு பிளாஸ்க். ஒரு மாதம் சேர்ந்து பழகுவது, உள்ளூர்க் கோப்பைப் போட்டியில் ஆடிப் பார்ப்பது, பிறகு இருப்பதா திரும்பிப் போவதா என்று அவள் சொல்வது. இதுதான் ஏற்பாடு. அவள்தான் சொல்வாள் என்பது அர்செனிக்குக் கசந்தது. ஆனால் கரடித் தலை அதைவிடக் கசப்பு.

முதல் நாளே அவள் தொப்பென்று விழுந்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"என் தப்பு" என்றாள் அவள், எழுவதற்கு முன்பே. "தோள் சீக்கிரம் திரும்பிடுச்சு. வா, இன்னொரு தடவ."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. சண்டைக்கு வரிந்துகட்டிப் போனவனை வாசலிலேயே வரவேற்று இலை போட்டால் அவன் என்னதான் செய்வான்? சொல்லாமல் விட்ட குற்றச்சாட்டு அன்று முழுக்க அவன் வயிற்றில் செரிக்காமல் கிடந்து உருண்டது. ஒரு மாதமும் இதே கதை. ஆள் மெலிந்தே போனான்.

கோப்பை நாள் வந்தது. தூக்கினான், வீசினான், எல்லாம் கச்சிதம். அவள் தரையிறங்கும் முன்பே கைகளை விரித்துக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டான். அடுத்தது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகத் தாவும் தாவல். இடையே இரண்டு கஜ இடைவெளி, ஒருவர்மேல் ஒருவர் விரல்கூடப் படாது. அவள் தாவினாள், நின்றாள். அவன் தாவினான், உட்கார்ந்தான். உட்கார்ந்தவாக்கிலேயே வழுக்கிக்கொண்டு விளம்பரப் பலகைவரை போய் மோதித் திரும்பினான்.

ஆட்டம் முடிந்தது. மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். எதிரே கேமரா. அர்செனி கூரை விளக்கைப் பார்த்தான். ஐஸைப் பார்த்தான். ஷூவின் பிளேடைத் தடவிப் பார்த்தான்.

"அத ஏன் தடவுற? அது என்ன பண்ணுச்சு பாவம்?" என்றாள் தமாரா இகரெவ்னா. "என்னடா ஆச்சு?"

"அது... இவ கொஞ்சம்..."

உல்யானா பிளாஸ்க் மூடியிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. "சொல்லு. நான் என்ன பண்ணேன்? தெரிஞ்சா திருத்திக்கறேன்."

ஆறு பேர் கத்தியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், ஒருத்தி ஷூவையே வீசியிருக்கிறாள். ஒருத்தியும் இப்படிக் கேட்டதில்லை. பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள் பாவி. அவனும் உண்மையாகவே தேடினான். பதின்மூன்று வருட அனுபவத்தையும் தலைகீழாகக் கொட்டித் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

"நான்தான் விழுந்தேன்."

"என்ன சொன்ன?" தமாரா இகரெவ்னாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம்.

"நான்தான் விழுந்தேன்னு சொன்னேன்!" கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தவன்போல் இருந்தான். ஒரே நாளில் முழுசாகத் திருந்திவிட முடியுமா? "ஆனா ஐஸ் கொஞ்சம் சொதசொதன்னு இருந்துச்சு."

"இருந்துச்சுதான்" என்றாள் உல்யானா. "அதுலதான் நானும் நின்னேன்."

ஐந்து ஜோடிகளில் நான்காவது இடம். உல்யானா பிளாஸ்கை இறுக மூடினாள். அர்செனியின் உயிர் அந்த மூடியோடு சேர்ந்து திருகிக்கொண்டது.

"தமாரா இகரெவ்னா, திங்கக்கெழம பயிற்சிக்கு எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள் அவள்.

தப்பித்தான். திருந்திவிட்டானா என்று கேட்கிறீர்கள். அவன் இப்போது புதிதாக வரும் பையன்களிடம் சொல்வதைக் கேளுங்கள்: "தப்ப ஒத்துக்கறதுல இந்த ஊர்ல என்ன மிஞ்ச ஆள் கெடையாது. முன்னாடி இருந்த ஆறு பேரும் என்ன ஒத்துக்கவே விட்டதில்லப்பா."

இதைப் படிக்கையில் உங்களுக்கு ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். கணவரோ, மேலதிகாரியோ, மைத்துனரோ. 'அச்சு அசல் அவரேதான்' என்று தலையாட்டியிருப்பீர்கள். அவருக்கு இதை அனுப்பி வைக்க வேண்டும் என்று கையும் துறுதுறுத்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால், அவர் ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியிருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.