காலிக் கூடைக்கு ஒரு யோசனை

அன்று காலையும் கூடை இறங்கி வந்தது.

இன்ஷிராஹ் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈச்ச ஓலையில் பின்னிய பழைய கூடை அது. கயிற்றில் மெல்ல இறங்கி, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அலெக்ஸாந்திரியாவில் மாடி வீட்டுக்காரிகள் ரொட்டிக்காரனுக்குக் கூடை இறக்குவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் தெருவுக்குப் போகவேண்டிய கூடை நாலாம் மாடியில் நிற்பானேன்? கடற்காற்றில் கொடியில் கிடந்த துணியெல்லாம் படபடக்கும்போது அது மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாமல் இருப்பானேன்? கொஞ்ச நேரம் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்த வழியே மேலே போய்விட்டது.

மேல்வீட்டில் ஆள் கிடையாது. அங்கே இருந்த மதாம் பஹீஜா போன குளிர்காலத்திலேயே மௌத்தாகிவிட்டாள். வாரிசுகள் வீட்டுக்காக ஒருவரை ஒருவர் கடித்துக் குதற, நீதிமன்றம் கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தது. கட்டடத்துக் காவல்காரர் ஷாத்லியை மேலே அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். அவர் இறங்கி வரும்போது ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

"முத்திரை அப்படியே இருக்கு, சுஹைர் அம்மா. வாசப்படித் தூசியில ஒரு கால்தடம் இல்ல. இனிமே இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

இன்ஷிராஹுக்குப் பேயைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கணவன் போன பிறகு தபால் நிலையத்தில் முத்திரை குத்திக் குத்தியே வளர்த்த ஒரே மகள் சுஹைருக்கு இப்போதுதான் ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹாஜா தஹானி சகுனம் பார்ப்பதில் பேர்போனவள். பெண் பார்க்கப் போன வீட்டுப் பூனை தும்மியது என்று ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்று எழுந்து வந்தவள். அவள் கண்முன்னால் இந்தக் கூடை இறங்கினால் என்ன ஆவது?

ஆகவே வேலை விட்டு வரும் வழியில் இன்ஷிராஹ் உஸ்தாத் மஹ்ரூஸிடம் போனாள்.

மஹ்ரூஸ் டிராமில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசைக்கு மை பூசி, முக்குக் காப்பிக்கடையின் வெளி மேசையில் ஹூக்காவோடு உட்கார்ந்திருப்பார். யார் என்ன கஷ்டம் என்று வந்தாலும் யோசனை சொல்வார். அந்தத் தெருவில் உருப்படாமல் போன காரியங்களில் பாதிக்கு மேல் அவர் சொல்லி நடந்தவைதான். நாய் என்றால் பயப்படுகிற தையல்காரரிடம் ஒரு நாயை வாங்கி வளர்க்கச் சொன்னார்; இப்போது இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு அறையில் இருக்கின்றன. பேசாமல் முகம் தூக்கிக்கொண்டிருந்த மனைவியை வழிக்குக் கொண்டுவர, நீயும் பேசாதே என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். வருஷக்கணக்காக அந்த வீட்டில் கிளி ஒன்றுதான் பேசுகிறது. இருந்தும் ஜனங்கள் அவரிடம்தான் போனார்கள். பொறுமையாக இரு என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. கையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான்.

உஸ்தாத் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார். கடைக்குப் புதிதாக வந்திருந்த பணியாள் அதிய்யா இன்ஷிராஹ் பேரில் ஒரு டீ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

"காலிக் கூடைன்னா என்ன அர்த்தம்? எதையாவது போடுன்னு அர்த்தம். போட்டுட்டா வாங்கிட்டுப் போயிரும். பசிச்ச வாயை நிறைச்சிட்டா அப்புறம் பேச்சு ஏது?" என்றார்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அவள் சூடான ரொட்டியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் வைத்தாள். கூடை கனம் தாங்காதது போல ஒருமுறை ஆடிவிட்டு மேலே போனது. அடுத்த காலை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தது வைத்தபடி திரும்பி வந்தன. ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை. தானத்துக்குக் கொடுத்தது வீணாகக் கூடாதே என்று இன்ஷிராஹ் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். காகிதத்தை மென்ற மாதிரி இருந்தது. பாலாடைக்கட்டியில் உப்பில்லை, புளிப்பில்லை. ரொட்டியை விட்டுவிட்டு ருசியை மட்டும் யாரோ தின்றிருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அன்று முதல் அந்த வீட்டில் எதைச் சமைத்தாலும் ருசி இல்லை. முலுக்கியாக் கீரையில் பூண்டை அள்ளி அள்ளிப் போட்டாள். வாய்க்குத் தெரிந்தது வெந்நீர்தான். உப்பு டப்பாவைத் திறந்து நக்கிப் பார்த்தாள், மணல். சுஹைர் இரண்டு கவளம் தின்றுவிட்டு, "உம்மா, உங்களுக்கு ஜலதோஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்ஷிராஹ் திரும்பவும் காப்பிக்கடைக்கு ஓடினாள்.

உஸ்தாத் துளிகூட அசரவில்லை. மரியாதையாகச் சோறு போட்டதுதான் தப்பு, இளக்காரமாக எடுத்துக்கொண்டுவிட்டது என்றார். போடச் சொன்னவரே அவர்தான் என்று இன்ஷிராஹ் நினைவூட்டினாள். அது நேற்றைய நிலவரம் என்று புகையை விட்டார். இனி கண்டிப்புத்தான் சரி. துடைப்பக் கட்டையால் மேல்கூரையில் இடித்து, சத்தம் போடாதே என்று அதட்ட வேண்டும். அக்கம்பக்கத்தார் தொல்லைக்கு உலகமெங்கும் அதுதான் மருந்தாம்.

"அது சத்தமே போடலியே, உஸ்தாத்."

"இனிமேலும் போடக்கூடாதுல்ல? அதுக்குத்தான்."

அவள் வீட்டுக்குப் போய் நாற்காலி மேல் ஏறி மூன்று தடவை இடித்தாள். மேலேயிருந்து மூன்று இடி திரும்பி வந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, அவள் தலைக்கு நேர் மேலே. நாற்காலியை நகர்த்தி அடுப்படியில் ஏறினாள். அங்கும் அவள் தலைக்கு நேர் மேலே இடி விழுந்தது.

"இது பொண்ணு இருக்கற வீடு. கல்யாணம் நடக்கப்போற வீடு. புரியுதா?" என்று கூரையைப் பார்த்து அதட்டினாள்.

ஒரு தட்டு விழுந்தது. புரிகிறதாம்.

சுஹைர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கும் முகம் வெளுத்துத்தான் போயிற்று. ஆனால் இளம்பெண்ணல்லவா, பயத்தைவிட ஆவல் முந்திக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்கு உம்மா சொல்கிற நீல உடுப்பைப் போடட்டுமா, தனக்குப் பிடித்த பச்சையைப் போடட்டுமா என்று கூரையைக் கேட்டுவிட்டாள். நீலத்துக்கு மௌனம். பச்சைக்கு ஒரு தட்டு. அதிலிருந்து எதற்கெடுத்தாலும் மகள் மேலே பார்த்து ஒரு வார்த்தை கேட்பதும், மேலேயிருந்து பதில் வருவதும் வழக்கமாகிவிட்டது. ஆக வீட்டில் ஒரு பெரியமனுஷி கூடிவிட்டாள். அதுவும் மகள் கட்சி.

மூன்றாவது முறை போனபோது உஸ்தாத் மஹ்ரூஸ் நெடுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஒரே வழிதான். விருந்துக்குக் கூப்பிட்டுரு."

இன்ஷிராஹ் சரியாகக் கேட்டோமா என்று அவரையே பார்த்தாள்.

"கூப்பிட்டு வந்த விருந்தாளியை வழியனுப்பி வைக்கலாம். கூப்பிடாம வந்தவங்களை எங்கேன்னு அனுப்புவே? அதுவும் ஆள் நிறைய இருக்கற நாளாப் பாத்துக் கூப்பிடு. இதுங்களுக்குக் கூட்டம்னா கூச்சம். கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, வராத மாதிரியும் ஆச்சு."

வேண்டாம் என்று உள்மனம் சொன்னது. ஆனால் உப்பில்லாத நாக்கும், இடிக்கிற கூரையும், நாளை மறுநாள் வரப்போகிற ஹாஜா தஹானியும் சேர்ந்து அவளை மூளை கலங்க அடித்திருந்தன. மறுநாள் கூடை இறங்கியபோது அதன் காதருகில் பேசுவது போலக் குனிந்து, "மதாம் பஹீஜா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் நம்ம வீட்டுல சாப்பாடு. வந்துட்டுப் போனா சந்தோஷம்" என்றாள்.

கூடை உடனே மேலே போகவில்லை. அவளை ஏற இறங்கப் பார்ப்பது போலக் கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, அப்புறம்தான் போனது.

வெள்ளிக்கிழமை வந்தது. வெங்காயத்தைக் கருக வதக்கி மீன்சோறு, திராட்சை இலைச் சுருள், வாத்து என்று இன்ஷிராஹ் சமைத்துக் குவித்தாள். எதிலும் ருசி பார்க்க முடியவில்லை. கைக்கணக்கில் உப்புப் போட்டு, அல்லாஹ்வின் மேல் பாரத்தையும் போட்டாள். ஹாஜா தஹானி, மாப்பிள்ளை வஜீஹ், கப்பலில் சமையல்காரராக இருந்த அவனுடைய மாமா ஆகிய மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். இன்ஷிராஹ் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது மேசைக்கு ஒரு நாற்காலி கூடுதலாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. சுஹைரைப் பார்த்தாள். தான் போடவில்லை என்று சுஹைர் தலையசைத்தாள்.

கப்பல் மாமா ஒரு கவளம் வாயில் வைத்தார். அவர் கண்ணை மூடி, நாற்பது துறைமுகத்தில் தின்றிருக்கிறேன், இப்படி ஒரு மீன்சோறு தின்றதில்லை என்றார். இன்ஷிராஹ் அவசரமாகத் தானும் ஒரு வாய் அள்ளிப் போட்டாள். காகிதம்தான்.

ஹாஜா தஹானி காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணுமே எடுத்துக்கலியே?" என்று உபசாரமாகக் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "ஆமாமா, இந்த வயசுல வயித்துக்கு ஒத்துக்காதுதான்" என்று தானே தலையாட்டினாள்.

மேசைக்கடியில் சுஹைரின் விரல்கள் இன்ஷிராஹின் கையைப் பிடித்துக்கொண்டன. மகள் கண்ணுக்கும் அங்கே யாரும் தெரியவில்லை. ஆனால் விருந்தாளிகள் மூவரும் மாறி மாறி அந்தப் பக்கம் திரும்பிப் பேசினார்கள். மாமா ஒரு கப்பல் கதை சொல்லிவிட்டு அங்கிருந்து சிரிப்பு வரும்வரை காத்திருந்து, தானும் சிரித்தார். பச்சை உடுப்பு நீங்கள் சொல்லித்தானா, நல்ல கண் உங்களுக்கு என்றாள் ஹாஜா. வஜீஹ் வெட்கத்தோடு, தனக்கு இன்னும் வீடு அமையவில்லை என்பதையும் அந்த நாற்காலியிடமே ஒப்புக்கொண்டான். அப்புறம் மூவரும் வாயைத் திறந்தபடி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாஜா தஹானியின் கண் கலங்கியது.

"சம்பந்தி, இப்படி ஒரு பெரியம்மா இருக்காங்கன்னு சொல்லவே இல்லியே நீங்க. மேல்வீட்டைப் பிள்ளைங்களுக்கே குடுத்துடறேங்கறாங்களே. இதைவிடச் சகுனம் வேணுமா?"

பெரியம்மா இப்போதே வீட்டைக் காட்டுகிறாராம், அவர் முன்னால் போகிறார் என்று சொல்லிக்கொண்டே மூவரும் எழுந்து மாடிப்படி ஏறினார்கள். தாயும் மகளும் கூடத்திலேயே நின்றார்கள். தலைக்கு மேலே காலடிச் சத்தம் அறை அறையாகப் போனது. அலமாரி எங்கே வைப்பது, கட்டில் எந்தச் சுவரோரம் போடுவது என்று ஹாஜா அளந்து பேசுவது கேட்டது. நாலு ஜோடிக் கால்கள். எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் இன்ஷிராஹ் எண்ணிவிட்டாள்.

இறங்கி வந்தபோது மூவர் முகத்திலும் பரம திருப்தி. அடுப்படியிலிருந்தே கடல் தெரிகிறதாம். அடுத்த மாதமே நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம், வீடுதான் அமைந்துவிட்டதே என்று சொல்லி விடைபெற்றார்கள். அவர்கள் போனதும் இன்ஷிராஹ் மேலே ஏறிப் போனாள். அரக்கு முத்திரை உடையவில்லை. வாசப்படித் தூசியில் ஒரு கால்தடம் இல்லை.

இனி என்ன சொல்லிச் சம்பந்தத்தைக் காப்பாற்றுவது? வீடு இல்லை என்றால் கல்யாணம் நிற்கும். உண்டு என்றால் மகளை அங்கே எப்படிக் குடிவைப்பது? முக்காட்டைக்கூடச் சரி செய்யாமல் காப்பிக்கடைக்கு ஓடினாள். இந்த முறை யோசனை கேட்பதற்காக இல்லை. மஹ்ரூஸின் மீசையைப் பிடித்து இழுப்பதற்காக.

வெளி மேசையில் உஸ்தாத் இல்லை. முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார் என்று அதிய்யா சொன்னான். அவர் நாற்காலிக்கு எதிரே ஒரு டீ நிறைந்தபடி இருந்தது. ஆடை கட்டியிருந்தது. அதை எடுத்துத் தெருவில் கொட்டினான்.

"அந்தம்மா எப்பவும் இப்படித்தான். டீ சொல்வாங்க, தொட மாட்டாங்க."

"எந்தம்மா?"

"பேரு தெரியாதுங்க, நான் புதுசு. கையில ஒரு ஈச்சங்கூடை வச்சிருப்பாங்க. கீழ்வீட்டுக்காரங்களைக் கிளப்ப வழி சொல்லுங்கன்னு தினம் காலைல உஸ்தாத்கிட்ட வருவாங்க. அவர் சொன்னதையெல்லாம் ஒண்ணுவிடாமச் செஞ்சும் பாத்தாங்க, பாவம்."

அதிய்யா துணியை உதறித் தோளில் போட்டான்.

"இப்ப அவங்க வீடே கைய விட்டுப் போயிருச்சாம், நான் எங்கே போவேன்னு இங்கே உக்காந்து அழுதாங்க. கீழ்வீட்டுலயே போய்த் தங்கிக்கங்க, நாலு நாள்ல அவங்களே கிளம்பிருவாங்கன்னு உஸ்தாத் இப்பதான் அனுப்பி வச்சாரு."