நம்ம ஏழா, குவைத்து ஏழா?

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு, அப்பா பிச்சை சொல்லச் சொல்ல, கோடி வீட்டு நர்ஸ் ஷர்லி எழுதுவது. இங்கே நான், உன் ஆத்தா, உன் வீட்டுக்காரி வனிதா, மாடு இரண்டும் சுகம். குவைத்தில் உன் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். இதை ஷர்லி போனில் படம் பிடித்து அனுப்பும். வாயால் சொன்னால் மணி மாறிப்போகிறது. அதனால் கைநாட்டு வைக்கிற நானே எழுத்தில் சொல்கிற நிலைமை வந்துவிட்டது.

நேற்று புதன்கிழமை காலையில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டெஸ்ட் டியூப் குழந்தை வைத்தியத்துக்கு வனிதாவுக்கு ஸ்கேன் பார்த்துவிட்டு, முட்டையெல்லாம் நன்றாக வளர்ந்திருக்கிறது, கடைசி ஊசி ஒன்றுதான் பாக்கி, எத்தனை மணிக்குப் போடவேண்டும் என்று ரத்த ரிப்போர்ட் பார்த்துவிட்டுப் போனில் சொல்கிறோம் என்றார்கள். போன லீவில் வந்து கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போனவன், ஃபைலில் உன் நம்பரை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ டூட்டிக்குப் போகிற அவசரத்தில், "புதன் ராத்திரி ஏழுக்கு ஊசி, வெள்ளி காலையில ஏழுக்கு எடுக்கிறாங்க, மறந்துறாதீங்க" என்று பேசி அனுப்பிவிட்டுப் போனை லாக்கரில் வைத்துவிட்டாய். அத்தோடு பிடித்தது சனியன். உன் ஆத்தா, "அது அவன் மணி. ரெண்டரையைக் கூட்டுங்க, ஒம்பதரை. ஆறு வருசமாக் கூட்டிக்கிட்டுத்தானே இருக்கேன், ஒருநாளாச்சும் தப்பியிருக்கா?" என்கிறாள். வனிதா, "இல்லங்கத்தை, ஆஸ்பத்திரியில சொன்னத அப்படியே சொல்லியிருப்பாங்க" என்கிறது. உனக்கு அடித்தால் மணியே போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. ஃபிரிட்ஜில் மோருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் இருந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஷர்லி, "ஐயா, யாராச்சும் ஒரு மணியச் சொல்லுங்க. பிந்திட்டா, எடுக்கிறப்ப முட்டை பழுத்திருக்காது. முந்திட்டா, எடுக்கிறதுக்கு முந்தியே உடைஞ்சு போயிரும்" என்கிறது. எழுபத்து மூன்று வயதாகிற நான், முட்டை பழுக்கும் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன்.

ஆறே முக்காலுக்கு வனிதா என் முன்னால் வந்து நின்றது. கல்யாணமாகி ஏழு வருசம் மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது நேற்றுத்தான். "மாமா, நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றப்ப போட்டுக்கறேன். இன்னொரு தடவ இத்தனை ஊசிக்கு ஒடம்பு தாங்காது." நம்ம பங்காளி வீட்டு மோகனப்ரியா வளைகாப்பில், பிள்ளையில்லாதவள் என்று இந்தப் பிள்ளையை வளையல் போடக் கூப்பிடாமல் தாண்டிப் போனார்களே, போன தை பதினாலு, சாப்பாட்டில் மூன்றாம் பந்தி, அன்றைக்கு ஒரு முகம் பார்த்தேன். அந்த முகம்தான் நேற்றும். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஊர்க்காரர்களோடு மணிக்கணக்கில் முறைவைத்து வயலுக்கு முறைத் தண்ணி பாய்ச்சியவன். ஊசிக்கும் எடுப்பதற்கும் நடுவில் முப்பத்தாறு மணி நேரம் என்று டாக்டரம்மா சொன்னது காதில் நிற்கிறது. ஒரு முறைக்கு ஆறு மணி நேரம், ஆறு முறைத் தண்ணி. வெள்ளிக் காலை ஏழிலிருந்து பின்னால் எண்ணினேன், புதன் ராத்திரி ஏழில் வந்து நின்றது. "நம்ம ஏழுதான், போடு ஷர்லி" என்றேன். உன் ஆத்தா, "கைநாட்டுக்குக் கணக்கு வேறயா" என்றாள். ஆறு ஐம்பத்தெட்டுக்கு வயிற்றில் ஊசி இறங்கியது. நான் வாசலில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடு அவிழ்ந்திருக்கவில்லை, எனக்குத்தான் பிடிமானம் வேண்டியிருந்தது.

ஆகையால், நன்றாகக் கேட்டுக்கொள், இனிமேல் இந்த வீட்டில் ஆத்தா மணியைக் கூட்டக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டேன். உன் கூறுகெட்ட ஆத்தாவை நம்பியிருந்தால் என் பேரப்பிள்ளை ரெண்டரை மணி நேரத்தில் தவறிப்போயிருக்கும். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே. குன்றாண்டார்கோவில் சாமி துணையிருக்கும்.

இப்படிக்கு,
அப்பா பிச்சை (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: இதை எழுதி முடித்ததும் ஷர்லி பேனாவைக் கடித்துக்கொண்டு, "ஐயா, வெள்ளி காலை ஏழுன்னு சொன்னதும் ஆனந்தராஜ் அண்ணன்தானே? அது எந்த ஏழு?" என்று கேட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு அடிக்கச் சொன்னேன். இன்றைக்கு லைன் கிடைத்தது. அவர்கள் உன்னிடம் சொன்னது ராத்திரி ஒன்பதரை, வெள்ளியும் ஒன்பதரையாம். ஆத்தா கூட்டிக்கொள்வாள் என்று நீதான் ரெண்டரையைக் கழித்துச் சொல்லியிருக்கிறாய். ஒன்பதரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவிலும் ஆறு முறைத் தண்ணிதான். நாங்கள் ஏழுக்கே போட்டுவிட்டதைச் சொன்னோம். டாக்டரம்மா, "ஊசி போட்ட நேரம் சரியாத் தெரியுமா?" என்று கேட்டது. ஷர்லி ஆறு ஐம்பத்தெட்டு என்றது. "அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கு ஏழுக்கே எடுத்துர்றோம், ஆறுக்கு வந்துருங்க" என்றுவிட்டது. வனிதா உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணியையும் குடித்தது. மேலே ஆத்தாவைத் திட்டியதை அடிக்கச் சொன்னேன், கடுதாசி அசிங்கமாகிவிடும் என்று ஷர்லி அடிக்கமாட்டேன் என்கிறது. நீ அவளிடம் வாயைத் திறக்காதே, இதை வைத்தே மிச்ச காலத்துக்கும் என்னைக் குத்திக்கொண்டிருப்பாள். நாளைக் காலை ஏழு மணிக்குச் சாமி கும்பிட்டுக்கொள். நம்ம ஏழு. உனக்கு நாலரை, எழுந்துவிடு.